எடுக்கிறது எத்தனை மணிக்கு

அக்டோபர் 2, புதன்

இந்த நோட்டை வாங்கித் தந்தவள் சுகந்தி. "பேச ஆள் இல்லைன்னு சாயங்காலம் நான் வந்து நுழைஞ்சதும் என் உசுர வாங்காத. பகல்ல தோணுறதையெல்லாம் இதுல எழுது" என்றாள். சரி, எழுதுகிறேன்.

என் பெயர் தவசிலிங்கம். அருப்புக்கோட்டையில் சாமியானாவும் சேரும் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் என் பச்சை நாற்காலிகள்தான் போகும். இப்போது ஸ்வீடனில், வடக்கே, எஸ்டர்சுண்ட் என்ற ஊரில் பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவள் மூன்று வருடம் முன்பே வந்துவிட்டாள். மரக்கூழை வைத்து என்னவோ ஆராய்ச்சி செய்கிற கூடத்தில் வேலை. எனக்கு விசா கிடைத்துக் கடையை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு ஆகஸ்டில் வந்து சேர்ந்தேன். தமிழ் முகம் என்று இந்த ஊரில் பார்த்தால் எங்கள் இரண்டு முகம்தான்.

இன்று ஒரு வம்பு. இங்கே வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் கிடையாது. கட்டடத்துக்கே பொதுவாகக் கீழே ஓர் அறை. அவரவர் நேரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அறை சும்மாதானே கிடக்கிறது என்று நான் துணியைப் போட்டுவிட்டு வந்தேன். திரும்பிப் போனால் என் ஜட்டி, பனியன் எல்லாம் மேஜைமேல் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு சீட்டு. சுகந்தி படித்துவிட்டுச் சிரித்தாள்.

"'அன்பான அண்டை வீட்டாரே, இது என்னுடைய நேரம்'னு போட்டிருக்கு. இந்த ஊர்ல கெட்ட வார்த்தைன்னா இதுதான்."

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. சுகந்தி வேலைக்குப் போய்விட்டாள். நானே சுண்டல் செய்து, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கீழ்வீட்டு ரோலான்ட் கதவைத் தட்டினேன். வயது அறுபது இருக்கும், தனியாள். கதவை ஒரு சாண் திறந்து என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். "நாம் இன்றைக்கு ஏதாவது பேசி வைத்திருந்தோமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். தான் மறந்துவிட்டோமோ என்று அவருக்குப் பயம். இல்லை, சும்மாதான் வந்தேன் என்றேன். சும்மா வருவது என்றால் என்ன என்று அவருக்குப் புரியவே இல்லை. சுண்டலை வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

சாயங்காலம் சுகந்தியிடம் சொல்லி ஆத்திரப்பட்டேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து விளக்கினாள். "தவசி, இங்க கூப்பிடாம யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டாங்க. திமிருன்னு நினைக்காத. அடுத்தவன் நிம்மதியைக் கெடுக்கக் கூடாதுங்கிறது அவங்களுக்கு மரியாதை. நானும் வந்த புதுசுல அழுதிருக்கேன்."

"நல்லா இருக்குடி உங்க மரியாதை" என்றேன்.

அக்டோபர் 19, சனி

சுகந்தியோடு வேலை பார்க்கும் ஆனிகா வீட்டில் விருந்து. எப்போதோ அழைத்துவிட்டாள். ஆறு மணிக்கு வரவேண்டும், ஒன்பது மணிவரை என்று முடிகிற நேரமும் போட்டிருந்தாள். எங்கள் ஊரில் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு விடும்போதுதான் இப்படி முடிகிற நேரம் சொல்வார்கள்.

உருளைக்கிழங்கும் மீனும் நன்றாகத்தான் இருந்தது. "இன்னும் கொஞ்சம்?" என்று ஆனிகா நீட்டினாள். மரியாதைக்குப் "போதும்" என்றேன். அவ்வளவுதான், பாத்திரம் போய்விட்டது. இரண்டாம் முறை கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தயிர்ச்சோறு பிசைந்து சாப்பிட்டேன். சுகந்தி சிரித்துச் சிரித்து அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இங்க வேணாம்னா வேணாம்தான்டா. வாயத் திறந்து கேளு" என்றாள்.

இரண்டு நாளாக இருந்த தலைவலி சிரித்ததில் கூடிவிட்டது என்று சீக்கிரமே படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 24, வியாழன்

சுகந்தி போய்விட்டாள்.

அக்டோபர் 26, சனி

எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நடக்கவே இல்லை என்று தோன்றிவிடுகிறது.

காலையில் வேலைக்குப் போனாள். பத்து மணிக்குக் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து காபி குடிப்பார்கள். கோப்பையோடு எழுந்தவள் அப்படியே விழுந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முடிந்துவிட்டது. யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் என் எதிரே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அது நன்றாகவே புரிந்தது.

ஆனிகா அங்கேதான் இருந்தாள். கண் எல்லாம் சிவந்திருந்தது. "நாங்கள் உங்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டாள். "ஒன்றும் வேண்டாம்" என்றேன். வேறு என்ன சொல்வது? தலையசைத்துவிட்டுப் போனாள்.

அருப்புக்கோட்டைக்கு, அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். நாங்கள் வேறு வேறு சாதி. மதுரையில் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் பேசுவதில்லை. நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு அவ அன்னிக்கே செத்தாச்சு தம்பி" என்றார். போனை வைத்துவிட்டார். பெற்றவர் வாசல் திறக்காத ஊருக்கு அவளைக் கொண்டுபோவானேன்? இங்கேயே செய்வது என்று முடிவெடுத்தேன். அவள் ஆட்கள் என்றால் இங்கே இருக்கிறவர்கள்தான். நல்ல ஆட்கள் என்று எப்போதும் சொல்வாள். அவர்கள் நாலு பேர் நின்று வழியனுப்பினால் அதுவே போதும்.

அக்டோபர் 28, திங்கள்

அடக்க காரியங்களைப் பார்க்கும் அலுவலகத்துக்குப் போனேன். கெர்ஸ்டின் என்ற பெண். அமைதியான பேச்சு, மேஜைமேல் மெழுகுவத்தி. நவம்பர் 14, பகல் ஒரு மணி கிடைக்கும் என்றாள். நாளைக்கோ மறுநாளோ என்று கேட்க வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன். இங்கே இரண்டு மூன்று வாரம் ஆவது சாதாரணமாம். அதுவரை சுகந்தி குளிர் அறையில் இருப்பாள். எங்கள் பக்கம் காலையில் செத்தவரைச் சாயங்காலம் எடுத்துவிடுவோம். மகன் துபாயில் இருந்தால் ஒரு நாள் பொறுப்போம்.

"எத்தனை பேர் வருவார்கள்?" என்று கேட்டாள்.

"தெரியாது. வருகிறவர்கள் வருவார்கள்."

"யாரையெல்லாம் அழைக்கப் போகிறீர்கள்?"

எனக்குச் சுருக்கென்றது. சாவுக்கு ஆள் அழைப்பதா? சேதி போனால் போதும், பகையாளிகூட வந்து ஒரு மாலையைப் போட்டுவிட்டுப் போவான். "எடுக்கிறது எத்தனை மணிக்கு?" என்று அவர்களாகவே விசாரிப்பார்கள். வா என்று நாம் சொன்னால் நம் வீட்டுக் கெடுதலுக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி ஆகிவிடும்.

"யாரையும் அழைப்பதாக இல்லை. எங்களிடம் அந்த வழக்கம் கிடையாது" என்றேன்.

கெர்ஸ்டின் பேனாவைக் கீழே வைத்தாள். "புரிகிறது. அப்படியானால் அமைதியாக, நெருங்கியவர்கள் மட்டும்."

"ஆமாம், அமைதியாகத்தான்" என்றேன். கொட்டும் வெடியும் குடித்துவிட்டு ஆடுவதும் சுகந்திக்கு எப்போதும் பிடிக்காது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அண்ணன் போன் செய்தான். பின்னால் வெடிச் சத்தம். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். ரொட்டியும் வாழைப்பழமும்தான். எடுக்கும்வரை வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. ஊரில் ஒரு பகல்பொழுது அப்படி இருப்போம், பக்கத்து வீட்டிலிருந்து காபியும் இட்லியும் வந்துகொண்டே இருக்கும்.

"ஆளுங்க வந்து போயிட்டு இருக்காங்களாடா?" என்றான்.

"வர்றாங்கண்ணே" என்றேன்.

நவம்பர் 3, ஞாயிறு

இதுவரை யாரும் வரவில்லை.

பூக்கள் வந்தன. கடைப் பையன் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். ஒவ்வொன்றிலும் அட்டை, அட்டையில் அவள் பெயர். இங்கே பூவை அனுப்பிவிட்டு ஆள் வீட்டிலேயே இருந்துகொள்கிறார்கள். வீட்டில் இருந்த செம்புகள், டம்ளர்கள் எல்லாவற்றிலும் பூ வைத்துவிட்டேன். தண்ணீர் குடிக்க டம்ளர் இல்லை.

காலையிலிருந்து வாசல்கதவைத் திறந்தே வைத்திருந்தேன். சாவு வீட்டில் கதவைச் சாத்தக் கூடாது. வருகிறவர்கள் தட்டிக்கொண்டு நிற்பார்களா என்ன? சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ரோலான்ட் மாடிக்கு வந்தார். எழுந்து நிற்கலாமா, உட்கார்ந்தே இருக்கலாமா என்று யோசித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் கதவை மறந்து திறந்து போட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பார். சத்தம் வராமல், குழந்தை தூங்குகிற வீட்டுக் கதவைச் சாத்துவதுபோல் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

கோபம் கோபமாக வந்தது. இந்த ஊரே நாசமாய்ப் போகட்டும் என்று தமிழில் கத்தினேன். கேட்டிருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது.

நவம்பர் 6, புதன்

துணி துவைக்கிற அறையில் இன்று எங்கள் நேரம். சுகந்தி போன மாதமே எடுத்து வைத்த நேரம். பலகையில் அவள் பெயர் இருந்தது. அரை மணிக்குள் போகாவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். போனேன். அழுக்குக் கூடையில் இருந்ததை எல்லாம் போட்டேன். அவள் ஆபீசுக்குப் போடுகிற சட்டை, பேண்ட், கம்பளிக் காலுறைகள். மெஷின் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காய வைத்து, இஸ்திரி போட்டு, அவள் அடுக்குகிற மாதிரியே அலமாரியில் அடுக்கி வைத்தேன். கதவை மூடின பிறகுதான், இதையெல்லாம் யாருக்காகத் துவைத்தேன் என்று தோன்றியது.

நவம்பர் 10, ஞாயிறு

கடையில் ஆனிகாவைப் பார்த்தேன். பால் வாங்க வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது கேட்பாள், எடுக்கிறது எத்தனை மணிக்கு என்று கேட்பாள் என்று நின்றேன். "தூக்கம் வருகிறதா?" என்றுதான் கேட்டாள். வருகிறது என்றேன். நானாக எப்படிச் சொல்வேன்? சொன்னால் வா என்று கூப்பிட்டதாகிவிடாதா? கேட்காதவளுக்குச் சொல்ல எனக்கும் ரோஷம் இருக்கிறது.

ஆனாலும் வருவார்கள். மூன்று வருடம் ஒன்றாகக் காபி குடித்தவர்கள். வராமல் எங்கே போவார்கள்?

நவம்பர் 14, வியாழன்

வேட்டி கட்டி, மேலே அவள் வாங்கித் தந்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். முதல் நாள் பெய்த பனி முழங்கால்வரை கிடந்தது.

பெட்டியை மூடித்தான் வைப்பார்களாம். சடங்கில் முகம் பார்ப்பது இங்கே வழக்கமில்லை. முன்னதாகப் பக்கத்து அறையில் என்னை மட்டும் பார்க்க விட்டார்கள். பார்த்தேன். வருகிறவர்களும் பார்க்க வேண்டுமே, அவர்கள் வரும்வரை திறந்து வைக்கலாமா என்று கெர்ஸ்டினைக் கேட்டேன். அவள் தயங்கி, இங்கே அப்படிச் செய்வதில்லை என்றாள். மூடிவிட்டார்கள்.

சின்ன ஜெபக்கூடம் மாதிரி இடம். சிலுவையை எடுத்து வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாக மர நாற்காலிகள். ஊரில் ஒரு சாவு வீட்டுக்கு எத்தனை சேர் இறக்க வேண்டும் என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடுவேன். கூடுதலாகச் சொல்லியிருப்பேனே தவிர, குறைத்துச் சொன்னதில்லை. இங்கே கிடந்த நாற்காலிகள் காணாது என்றுகூட உள்ளே நுழையும்போது நினைத்தேன். வாசலில் போய் நின்றுகொண்டேன். வருகிறவர்கள் கையைத் தொட்டு உள்ளே விட வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும்.

மணி ஒன்று ஆனது. பாதையில் என் கால்தடமும் கெர்ஸ்டின் கால்தடமும்தான் இருந்தன.

"தொடங்கலாமா?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?"

"யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா?"

"எல்லாரையும்" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "யாரையும் அழைக்கவில்லை என்றீர்களே."

"அழைக்கவில்லைதான்."

இரண்டு பேரும் வாசலில் நின்றோம். பிறகு வெளியே பனி அள்ளிக்கொண்டிருந்த ஆளிடம் போய் என்னவோ சொன்னாள். அவன் மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். கெர்ஸ்டினும் முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஒருவர் பியானோ வாசித்தார். நான் ஒரு ரோஜாவைப் பெட்டிமேல் வைத்தேன். தகனம் வேறொரு நாள் நடக்கும், யாரும் வரத் தேவையில்லை என்றார்கள். கொள்ளியும் இல்லை.

சுகந்திக்கு அழ ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டது. நானும் அங்கே அழவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றிருந்தது.

செத்ததைக் கேள்விப்பட்டும் வராதவர்கள், அழைத்தால் மட்டும் எதற்கு வருவார்கள்? எனக்கு விளங்கவே இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

அடுப்பைப் பற்ற வைத்தேன். ரசம் வைத்தேன். சாப்பிடவில்லை.

நவம்பர் 23, சனி

வியாழக்கிழமை ஆனிகாவிடமிருந்து மெசேஜ். சனிக்கிழமை மூன்று மணிக்கு வரலாமா, அரை மணி நேரம் மட்டும், வசதி இல்லாவிட்டால் பரவாயில்லை என்று. வா என்று போட்டேன். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் வரச்சொன்னேன்.

சரியாக மூன்றுக்கு வந்தாள். சுகந்தியின் காபிக் கோப்பையையும் கூடத்தில் இருந்த அவள் செருப்பையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிட்டேன். "ஏன் ஒருத்தர்கூட வரவில்லை?"

அவள் என்னையே பார்த்தாள். "வரலாமா என்று அடக்க காரியம் பார்க்கும் அலுவலகத்தைக் கேட்டோமே. நெருங்கியவர்கள் மட்டும், அழைப்பு இல்லை என்று சொன்னார்கள். நீங்களும் ஒன்றும் வேண்டாம் என்றீர்கள். உங்களைத் தனியாக விடவேண்டும் என்று நினைத்தோம். அன்றைக்கு ஒரு மணிக்கு எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு நின்றோம். எங்களோடு வேலை பார்க்கிற யோனஸ் மட்டும் பொறுக்க மாட்டாமல் காரில் அங்கே வந்துவிட்டான். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். அழைக்காமல் உள்ளே வர அவனுக்குத் துணிச்சல் இல்லை."

"அவளுக்கு நெருங்கியவர்கள் நீங்கள்தானே" என்றேன். "வேறு யார் இருக்கிறார்கள்?"

ஆனிகா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். யாரைத் திட்டுவது? இவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். நான் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். 'அட மண்டு, வாயைத் திறந்து சொல்லேன்' என்று என் தலையில் தட்டிச் சொல்லியிருக்கக் கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தாள்.

ஆனிகா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "மற்றவர்கள் கீழே இருக்கிறார்கள். என்னை இறக்கிவிட வந்தார்கள். மேலே வரவேண்டும் என்றில்லை, நீங்கள் என்னை மட்டும்தானே…"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு கார் பக்கத்தில் ஏழெட்டுப் பேர், இருட்டத் தொடங்கிய பனியில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

செருப்புகூட மாட்டாமல் படியிறங்கி ஓடினேன். கீழே வாசல்கதவைத் திறந்தேன். எங்கள் ஊரில் எந்தச் சாவு வீட்டிலும் யாரும் சொல்லாத சொல்லைச் சொன்னேன்.

"வாங்க" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு இங்கிலீஷிலும் சொன்னேன். சத்தம் கேட்டு ரோலான்ட் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "நீங்களும் வாங்க" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கதவைப் பூட்டாமலே வந்துவிட்டார்.

எல்லாரும் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். உட்காருங்கள், அது போதும் என்றேன். தரையில் சுவர் ஓரமாக உட்கார்ந்தார்கள். யோனஸ் என்ற தாடிக்காரப் பையன் முதலில் விம்மினான். அதற்குப் பிறகு நான் போட்ட சத்தம் எதிர்க் கட்டடம்வரை கேட்டிருக்கும். ஒருவரும் என்னை அடக்கவில்லை. ரோலான்ட் எழுந்து போய் வாசல்கதவை அகலத் திறந்து வைத்தார், எனக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

அடங்கின பிறகு ஆனிகா கேட்டாள். "உங்கள் ஊரில் வந்தவர்கள் என்ன செய்வார்கள்?"

"முகம் பார்ப்பார்கள்" என்றேன். "கடைசியாக ஒரு தடவை."

காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. சாம்பல்கூட இன்னும் வரவில்லை.

"நீங்கள் பார்த்தீர்களா?" என்று யோனஸ் கேட்டான்.

"பார்த்தேன்."

"எப்படி இருந்தாள்?"

எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையை இடது பக்கம் வகிடு எடுத்துச் சீவியிருந்தார்கள், அவள் எடுப்பது நடுவகிடு, அதை மட்டும் நான் மாற்றினேன் என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன்.